இணையவழிக் கல்வியும் கல்லூரிக் கல்வியும்

மேனிலைப் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் முன்னர் இந்நாளில் இரு வழிகள் உள. ஒன்று, கல்லூரி புகுந்து ஆசிரியர் முன்னிலையிற் கற்பது. மற்றொன்று, தம் இல்லத்திருந்தவாறே இணையத்தின் வாயிலாகக் கற்றுப் பட்டம் பெறுவது. இவற்றுள் யாது சிறந்தது என்னும் வினா எங்கும் எழுகின்றது. ஆயினும், எண்ணூர்ப் பகுதியில் அது பட்டிமன்றத்திற்குரிய பொருளன்று. அடுப்பில் ஏற்றிய உலையோடு பிணைந்த வினாவாகும்.

கல்லூரி புகாது பட்டம் பெறும் முறை புதுவதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வெளியிலிருந்து கற்பார்க்கும் தேர்வெழுத வழி திறந்தது. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தோன்றிற்று. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் இணையவழியே ஓர் இளநிலைப் படிப்பைத் தொடங்கிற்று. ஏற்பு பெற்ற நிறுவனங்கள் இணையவழியாகவும் தொலைநிலையிலும் வழங்கும் பட்டங்கள் நேரிற் கற்றுப் பெறும் பட்டங்களுக்கு ஒப்பாகும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தது. ஆகவே, இணையவழிப் பட்டத்தை இழித்துரைப்பார் கூற்று எவ்வாற்றானும் நில்லாது.

அவ்வழியை நாடுவோர் நிலையையும் நோக்குவோம். எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் ஆகிய ஊர்களில் ஆலைகளிலும் துறைமுகத்திலும் கன்டெய்னர் கிடங்குகளிலும் ‘ஷிப்டு’ முறையில் உழைக்கும் இளைஞர் பலர். இரவெல்லாம் உழைத்தவன் காலை வகுப்பிற்கு வருவது எங்ஙனம்? 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியபோது, மீனவர் தொழில் முடங்கிற்று. வலை காய்ந்து கிடக்கும் வீட்டில், மகனை மூன்றாண்டு கல்லூரிக்கு அனுப்புவதோ, வேலைக்கு அனுப்பி இரவிற் கற்கவிடுவதோ என்று தாய் தந்தையர் எண்ணுவது இயல்பே. அவர்க்கு இணையவழிக் கல்வி ஓர் ஊன்றுகோல். அதனைப் பறித்தல் அறமன்று.

எனினும், ஊன்றுகோல் வேறு, கால் வேறு. இவ்வேற்றுமையை அளந்தறிதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் ஓர் அளவுகோல் தந்துள்ளார். ஆசிரியன் உரைத்ததனைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கன் அடைவது புலமையிற் காற்பங்கே. உடன் கற்பாரோடு பழகுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதனால் வருவது என்பது அவர் கருத்து. எழுநூறாண்டுகட்கு முற்பட்ட அவ்விலக்கணம் இன்றைய வழக்கிற்கும் தீர்ப்பளிக்கின்றது.

முதற் காற்பங்கினை இணையம் குறைவின்றித் தரும். ஒரு பாடத்தை இருமுறை கேட்பின் பிழை நீங்கும், மும்முறை கேட்பின் எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்றும் நன்னூல் கூறுகின்றது. வகுப்பிலே ஆசிரியரை மும்முறை சொல்லுமாறு வேண்ட நாணுவோம். காணொளியோ சலியாது சொல்லும். இஃது இணையத்தின் தனிச்சிறப்பு. ஆயின், எஞ்சிய முக்காற்பங்கு எங்கே?

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்ட காலம் இதனைப் புலப்படுத்திற்று. 2021 சனவரியில் தமிழ்நாட்டரசு, கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத்தரவை இலவசமாக வழங்குவதாக அறிவித்தது. அது நன்றே. ஆனால், ஓரறை வீட்டிலே தங்கையின் அழுகைக்கும் அண்டையாரின் பூசலுக்கும் இடையே பாடங்கேட்பவனுக்கு, ஐயம் எழுந்தபோது தோள் தொட்டு வினவத்தக்க தோழனை எந்தத் தரவும் அனுப்பவில்லை. இணையத்திலும் உரையாடலாமே எனின், உரையாடலாம். ஆனால், வகுப்பு முடிந்து மரநிழலிலும் மின்தொடர்வண்டியிலும் தொடரும் சொற்போர் ஆங்கு அரிது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்குப் பெயர்ந்ததன் நோக்கங்களுள் ஒன்று, ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்தே கூடி வாழ்ந்து கற்றல் வேண்டும் என்பதே.

இங்கே நாம் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. செல்வர் மக்களுக்குக் கல்லூரியும் ஏழை மக்களுக்குக் கைப்பேசியும் என்று கல்வி இரு கூறாகப் பிரியுமாயின், மீனவன் மகனும் வணிகன் மகனும் ஒரே பலகையில் அமர்ந்த கல்லூரியின் பயன் பாழாகும். ஆதலின், கல்லூரிக்கு வர இயல்வோர், பயண வருத்தம் கருதி அதனைக் கைவிடற்க. உழைத்துக்கொண்டே கற்க வேண்டியோர் இணையவழியை நாணாது மேற்கொள்க. அவர்கள் இழக்கும் முக்காற்பங்கை ஈடுசெய்தலோ, உள்ளே இருக்கும் நம் கடன்.

அஃது அரிய செயலன்று. சனிக்கிழமைகளில் நம் நூலகத்தை வெளியிலிருந்து கற்பார்க்குத் திறந்துவிடலாம். வடசென்னையில் வாழும் பழைய மாணவர், இராயபுரத்திலும் எண்ணூரிலும் திருச்சபைக் கூடங்களில், வழிபாடில்லா மாலைகளிற் படிப்பு வட்டங்கள் நடத்தலாம். ஆங்கு அவர்கள் கேட்பதோடு நில்லாது, எழுந்து நின்று பிறர்க்கு உரைக்கட்டும். அதனால் நாமும் நம் அரைப்பங்கை அடைவோம்.

அப்போஸ்தலர் யோவான், எழுதவேண்டியவை பல இருந்தும், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசுதலையே விரும்பித் தம் நிருபத்தைச் சுருக்கினார். தொலைவிலிருந்து கற்பிக்கும் நிருபத்தின் பயனை அவர் மறுத்தாரல்லர். நேர்முகத்தின் நிறைவை அறிந்திருந்தார். நாமும் அங்ஙனமே இரண்டையும் அறிந்து போற்றுவோமாக.