பனி சொல்லிவிட்டுத்தான் சரிகிறது!

"பனிதானே, பஞ்சு மாதிரி இருக்கு, அது என்ன பண்ணும்?" மார்கழிப் பனிக்கு மப்ளர் கட்டிப் பழகிய நமக்கு இப்படிக் கேட்கத்தான் தோன்றும். இமயமலைப் பனி வேறு ரகம். அது ஆளை விழுங்கும் பனி!

எங்கோ நடக்கிற சங்கதி என்று இருந்துவிட முடியாது. 2016 பிப்ரவரி 3-ந் தேதி சியாச்சினில் பனி சரிந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் முகாம் புதைந்ததே, அதில் பலியான 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள்.

2025 பிப்ரவரி 28-ந் தேதி உத்தரகாண்டில் மறுபடியும் அதே கோரம். பத்ரிநாத்துக்குப் பக்கத்தில் மாணா கிராமம். சுமார் 10,500 அடி உயரம். எல்லைச் சாலை வேலைக்குப் போன 54 தொழிலாளர்கள் இரும்பு கன்டெய்னர்களில் தங்கியிருந்தார்கள். விடியற்காலையில் மலையிலிருந்து பனி இறங்கி அத்தனையையும் மூடியது. ராணுவமும் மீட்புப் படையும் போராடி 46 பேரைக் காப்பாற்றின. 8 பேர் பிணமானார்கள்.

விதி என்று சொல்லிவிடலாமா? முடியாது. பனிச்சரிவு அபாயத்தைக் கணித்துச் சொல்ல, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று சண்டிகரில் இருக்கிறது. முதல் நாள் மாலையே அது எச்சரித்துவிட்டது. மாணா இருக்கும் சமோலி மாவட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. மறுநாள் காலை தொழிலாளர்கள் எங்கே இருந்தார்கள்? அதே முகாமில்தான்!

பனி எப்படிச் சரிகிறது என்பது பரம ரகசியம் அல்ல. கடையில் மூட்டை அடுக்குகிறவர்களைக் கேட்டால் தெரியும்: அடி மூட்டை நழுவினால் அடுக்கு மொத்தமும் சரியும். பனியும் அப்படித்தான். கீழ் அடுக்கு சர்க்கரை மாதிரி பொலபொலவென்று இருந்து, அதன் மேல் ஒரே நாளில் கனமாகப் புதுப் பனி விழுந்தால் ஒட்டாது. மலைச்சரிவு 30 முதல் 45 டிகிரி வரை இருந்தால் ஆபத்து அதிகம். காற்று பனியை வாரிக் குவித்தாலும், திடீரென்று வெயில் ஏறினாலும் சரியும். ஒரே ஓர் ஆள் கால் வைத்தாலும் போதும், மலையே இறங்கி வரும்!

புதைந்தவனுக்கு முதல் கால் மணி நேரம்தான் உயிர் நேரம். சரிந்த பனி சிமெண்டு போல இறுகிவிடும். கையைக்கூட அசைக்க முடியாது. கூட இருப்பவன் தோண்டினால்தான் உண்டு. வெளியூரிலிருந்து மீட்புப் படை வருகிறவரை மூச்சு தாங்குமா?

உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 4-ந் தேதி சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் பனி சரிந்து 7 சுற்றுலாப் பயணிகள் மாண்டார்கள். 13-வது மைல் வரைதான் அனுமதி, அதையும் தாண்டிப் போய்விட்டார்கள் என்றார்கள் அதிகாரிகள். அங்கும் எச்சரிக்கை இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. லீவுக்குக் குடும்பத்தோடு பனி பார்க்கக் கிளம்புகிறவர்கள் "இங்கேயே நில்" என்றால் நிற்க வேண்டும். போட்டோவா பெரிசு, உயிரா பெரிசு?

சுற்றுலா போனவன் திரும்பி வந்துவிடலாம். கூலிக்குப் போனவன் என்ன செய்வான்? மேஸ்திரி சொல்லாமல் அவனால் முகாமை விட்டு இறங்க முடியுமா? ஆகவே எச்சரிக்கை வந்தால் முகாமைக் காலி செய்தே தீர வேண்டும் என்று சட்டம் வரட்டும். சரிவுப் பாதையில் முகாமே போடக் கூடாது. காலி செய்யாத அதிகாரியும் காண்டிராக்டரும் பதில் சொல்லியாக வேண்டும்.

பனி சொல்லிவிட்டுத்தான் சரிகிறது. விஞ்ஞானிகளும் சொல்லிவிட்டார்கள். இனி காது கேட்க வேண்டியது நாற்காலியில் இருப்பவர்களுக்குத்தான்!