கடைசிக் காட்சியில் விவியன் ஜெயித்தாளா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் முடிவைப் பற்றித்தான் முழுக்கப் பேசப்போகிறேன். பார்த்துவிட்டு வந்து படிப்பதாக இருந்தால் இங்கேயே எஸ்கேப் ஆகிக்கொள்ளலாம்.

போன வாரம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு இஸ்ரேல் படம் பார்த்தோம். பெயர் 'கெட்'. தமிழில் எழுதினால் ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி இருக்கிறது. ஹீப்ரூவில் யூத மத விவாகரத்துப் பத்திரம் என்று அர்த்தம். 2014ல் வந்த படம். ரோனித் எல்கபெட்ஸ், ஷ்லோமி எல்கபெட்ஸ் என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து எடுத்தது. அக்காவேதான் கதாநாயகி விவியன். 2016ல் 51 வயதிலேயே இறந்துவிட்டார். இதே புருஷன் பெண்டாட்டி கதையை 2004லும் 2008லும் ரெண்டு படமாக எடுத்துவிட்டு இதை மூன்றாவதாக எடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டைப் பார்க்காத எங்களுக்கும் புரிந்தது.

கதை ஒரு வரி. விவியனுக்கு விவாகரத்து வேண்டும், புருஷன் எலிஷா தரமாட்டேன் என்கிறான். அவ்வளவுதான். முழுப்படமும் ஒரு மதக் கோர்ட் அறையும் அதற்கு வெளியே காத்திருக்கிற இடமும். இப்படியே ஐந்து வருஷம் ஓடுகிறது. பாட்டு, ஃபைட் எதிர்பார்த்து உட்கார்ந்த நண்பன் இடைவேளை எப்போ என்று கேட்டான். ஆனால் எழுந்து போகவில்லை.

இஸ்ரேலில் யூதர்களுக்குக் கல்யாணமும் விவாகரத்தும் ரபிகளின் கோர்ட்டில்தான். 1953ல் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோர்ட்டில் மூன்று ரபிகள் நீதிபதியாக உட்கார்ந்திருந்தாலும் அவர்களால் 'இந்தா விவாகரத்து' என்று கொடுத்துவிட முடியாது. புருஷன் தன் இஷ்டத்தோடு, தன் கையால் பத்திரத்தைப் பெண்டாட்டி கையில் வைக்கவேண்டும். அவன் வைக்காதவரை அவள் அவன் பெண்டாட்டிதான். நடுவில் வேறு ஒருவரோடு வாழ்ந்து குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தைக்கே சமூகத்துக்குள் கல்யாணம் நடக்காத அளவுக்கு முத்திரை விழும்.

படத்தில் எனக்கு ரொம்ப உறுத்தியது 'காரணம் என்ன?' என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருப்பது. அடித்தானா? இல்லை. சோறு போடவில்லையா? போட்டான். வேறு பெண்ணா? கிடையாது. சாட்சிகள் வரிசையாக வந்து எலிஷா எவ்வளவு நல்லவன், எவ்வளவு பக்தி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவள் சொல்வது ஒன்றுதான், இவனோடு வாழ முடியவில்லை. அது கோர்ட்டுக்குக் காரணமாகவே தெரியவில்லை. நம்ம ஊர் திண்ணையில் வைத்து இதைச் சொன்னாலும் அதே மூன்று கேள்விதானே வரும்? குடிக்கிறானா, அடிக்கிறானா, தொடர்பு இருக்கா. மூன்றும் இல்லை என்றால் 'பின்ன என்னம்மா, அனுசரிச்சுப் போ'.

இப்போது முடிவுக்கு வருகிறேன். ஒரு கட்டத்தில் எலிஷா ஒப்புக்கொண்டு சடங்கு தொடங்குகிறது. பத்திரத்தைக் கையில் கொடுக்கும்போது ஒரு வாசகம் சொல்லவேண்டும், இனி இவள் எந்த ஆணுக்கும் ஆகலாம் என்று பொருள்படும். அந்த இடத்தில் அவன் வாய் அடைத்துப்போகிறது. சொல்லமாட்டேன் என்கிறான். எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

கடைசியில் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். வேறு எந்த ஆணோடும் இருக்கமாட்டேன் என்று சத்தியம் செய், தருகிறேன் என்கிறான். அவள் சத்தியம் செய்கிறாள். பிறகு திரும்ப அந்த அறையை நோக்கிப் போகிறார்கள். படம் முடிந்துவிட்டது. பத்திரம் அவள் கையில் விழுவதை நமக்குக் காட்டவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினாளா என்றும் தெரியாது.

படம் முடிந்ததும் ஓட்டேரிப் பக்கம் டீக்கடையில் ஒரு மணி நேரம் சண்டை. ஒருத்தன், "அவ தோத்துட்டாடா. ஒரு சங்கிலியைக் கழட்டிட்டு இன்னொண்ணு மாட்டிக்கிட்டா" என்றான். இன்னொருத்தி, "அட போடா, சும்மா சொல்லிட்டு வாங்கிட்டு வந்துட்டா. அடுத்த மாசமே அந்த வக்கீலைக் கட்டிக்குவா" என்றாள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யூதச் சட்டத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் 'கித்தீன்' என்று விவாகரத்துக்கே தனிப் பகுதி இருக்கிறது. அதன் ஒன்பதாம் அத்தியாயம் ஒரு வேடிக்கையான கேள்வியோடு தொடங்குகிறது. புருஷன் பத்திரத்தைக் கொடுக்கும்போது, 'யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள், இன்னாரைத் தவிர' என்றால் செல்லுமா? ஒரு ரபி செல்லும் என்கிறார். மற்ற அறிஞர்கள் செல்லாது என்கிறார்கள். கெட் என்றாலே முழுசாக அறுப்பது. ஒரு நூல் மிச்சம் வைத்தாலும் அறுத்ததாகாது.

இதைப் படித்ததும் கடைசிக் காட்சி எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. எலிஷா கேட்ட நிபந்தனையைப் பத்திரத்தில் எழுத முடியாது. நீதிபதிகள் முன்னால் சொன்னால் பத்திரமே கெட்டுப்போகும். அதனால்தான் யாரும் இல்லாத நேரத்தில் கேட்கிறான். உள்ளே போய் 'யாருக்கும் ஆகலாம்' என்று சொல்லப்போகிறவன், வெளியே 'யாருக்கும் ஆகக்கூடாது' என்று வாங்கிக்கொண்டுதான் போகிறான். அவனுக்கும் தெரியும், இந்தச் சத்தியத்தை எந்தக் கோர்ட்டிலும் நீட்ட முடியாது என்று.

இங்கே நான் பி.காம். படிப்பதைக் கொஞ்சம் காட்டிக்கொள்கிறேன் :-) இரண்டாம் வருஷம் பிசினஸ் லா பேப்பரில் 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் வரும். அதில் பிரிவு 27 தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது; எங்கள் சார் அதற்கு இரண்டு பீரியட் எடுத்தார். அதற்கு முந்தின பிரிவு 26, மேஜரான ஒருவர் கல்யாணம் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது. அதை அரை நிமிஷத்தில் தாண்டிப்போனார். பரீட்சையில் வராதாம். விவியனின் சத்தியத்தை நம்ம ஊர்ச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால் நேராக 26ல் போய் விழும். செல்லாக்காசு.

ஆக என் கட்சி இதுதான். அவள் விடுதலையாகிவிட்டாள். நேற்றுவரை அவளைக் கட்டிப்போட்டது சட்டம்; அவள் நினைத்தாலும் உடைக்க முடியாது. இனிமேல் கட்டுவது அவளுடைய வாக்கு மட்டும். காப்பாற்றுவதும் மீறுவதும் அவள் கையில். டீக்கடையில் இதைச் சொல்லியிருந்தால் கைதட்டு வாங்கியிருப்பேன்.

அதற்குள் எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் சொல்லித் தொலைத்தேன். ஆம்பூரில் கட்டிக்கொடுத்து, பிரிந்து, பையனோடு இங்கே பாகாயத்துக்கு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டவர். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். (எழுதட்டுமா என்று கேட்டேன். பேர் மட்டும் போடாதே என்றார்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைசி அரை மணி நேரத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். கீழே ஓடும் இங்கிலீஷை நான் தமிழில் சொல்லச்சொல்லப் பார்த்தார்.

சத்தியம் கேட்கும் இடம் வந்ததும் சிரித்துவிட்டார். "எங்க ஆளும் இதேதான்டா தம்பி கேட்டாரு. ஜமாஅத்துல எல்லாரும் இருக்கிறப்போ ஒண்ணும் சொல்லல. செருப்பு மாட்டுற இடத்துல வந்து, வேற கல்யாணம் பண்ணினா பையனைக் கூட்டிட்டுப் போயிடுவேன்னாரு. சரின்னேன்."

நான் பிரிவு 26ஐ எடுத்து விட்டேன். பையன் விஷயத்திலும் 1890ஆம் வருஷச் சட்டப்படி கோர்ட் குழந்தையின் நலனைத்தான் முதலில் பார்க்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோர்ட்டு பார்க்கும்டா. அது பார்க்கிற வரைக்கும் புள்ள யார்கிட்ட இருப்பான்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. விவியனுடைய கடைசிப் பையனைப் பற்றி நான் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 'வாக்கு மட்டும்தானே' என்பது வாக்குக் கொடுக்க வேண்டியிராதவன் பேசுகிற பேச்சு.

அக்கா வாங்கியது குலா. பெண் தானே கேட்டு, மஹரைத் திருப்பிக் கொடுத்துப் பிரிவது. இதற்கு ஆதாரமாகச் சொல்லும் ஹதீஸில், ஸாபித் இப்னு கைஸ் என்பவரின் மனைவி நபியிடம் வருகிறார். புருஷனின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்லவில்லை. அவரோடு வாழ முடியவில்லை என்கிறார், அவ்வளவே. மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்று கேட்கப்படுகிறது. தருகிறேன் என்கிறார். முடிந்தது. குடிக்கிறானா அடிக்கிறானா என்ற விசாரணையே இல்லை. விவியன் ஐந்து வருஷமாகக் கேட்டு நின்றது இதைத்தான். ஆனால் நடைமுறையில் புருஷன் சம்மதித்தால்தான் குலா என்று பல இடங்களில் ஆகிப்போனது. அக்காவுக்கு அந்தச் சம்மதம் வர ஒன்றரை வருஷம் ஆனது. மஹர் ரெண்டு பவுன். வெளியே செருப்பு மாட்டுமிடத்தில் கொடுத்தது தனிக்கணக்கு.

நீதிமன்றங்கள் என்ன சொல்கின்றன என்றும் பார்த்தேன். 2021ல் கேரள உயர் நீதிமன்றம், கோர்ட்டுக்கு வெளியே பெறும் குலாவும் செல்லும் என்றது. அதை எதிர்த்து வந்த மறுஆய்வு மனுவையும் 2022ல் தள்ளிவிட்டு, புருஷன் சம்மதம் தேவையில்லை என்று உறுதிசெய்தது. 2025ல் தெலங்கானா உயர் நீதிமன்றமும், குலா கேட்பது பெண்ணின் முழு உரிமை, புருஷன் ஒப்புக்கொள்வதைப் பொறுத்தது அல்ல என்றது. படிக்க ஜோராக இருக்கிறது.

நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2023 ஜனவரியில். ஒரு ஷரீஅத் கவுன்சில் 2017ல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த குலா சான்றிதழை எதிர்த்து அவள் புருஷன் வழக்குப் போட்டிருந்தார். நீதிபதி சரவணன் அந்தச் சான்றிதழை ரத்து செய்தார். பெண்ணுக்குக் குலா உரிமை உண்டு, ஆனால் அதைக் குடும்ப நீதிமன்றத்தில் கேட்கவேண்டும். ஜமாஅத்தில் சிலர் தாங்களே கூடி அமைத்துக்கொண்ட அமைப்பிடம் அல்ல என்றார். காஜி கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், சட்டப்படி அதற்கு மதிப்பில்லை என்று 2017லேயே அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சட்டமாகப் பார்த்தால் எனக்கு இந்தத் தீர்ப்பில் குறை சொல்லத் தோன்றவில்லை. யார் வேண்டுமானாலும் லெட்டர்பேடு அடித்துக் கல்யாணத்தை முடித்துவைக்கலாம் என்றால் அது ஆபத்து. ஆனால் இதைப் படித்த உடனே எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது. அவர் கையில் இருப்பதும் 2019ல் ஒரு ஜமாஅத்தில் கொடுத்த காகிதம்தானே? படத்தில் அந்தப் பத்திரம் அவள் கைக்கு வந்ததா என்று நாங்கள் டீக்கடையில் சண்டை போட்டோம். இங்கே வந்திருக்கிறது, ஆனால் வந்தது பத்திரம்தானா என்பதே சந்தேகமாக இருக்கிறது. அந்தக் கதவுக்கும் அறைக்கும் நடுவில் அக்கா ஆறேழு வருஷமாக நடந்துகொண்டிருக்கிறார். அவருக்கே அது தெரியாது.

சொல்லவேண்டியதாகிவிட்டது. இரண்டு பேரும் ஒத்துப் பிரிந்தது என்று காட்டினால் குடும்ப நீதிமன்றத்தில் அறிவிப்பு வாங்க வழி உண்டு, இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் வைத்துத் தருவார்கள் என்றெல்லாம் நான் அடுக்க, அக்கா முதலில் கேட்டது, "மறுபடி அவரு வரணுமா?"

பெரும்பாலும் நோட்டீஸ் போகும் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். ரேஷன் கார்டு, பையனின் பிறப்புச் சான்றிதழ், அதற்கடியில் அந்தக் காகிதம். கசங்கக்கூடாது என்று வாங்கின வாரமே ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார்.

"இப்படிப் பண்ணிட்டா மேல சீல் குத்த முடியாதுல்லடா?" என்று கேட்டார். புதன்கிழமை லீவு சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.