சிதறும் செம்புள்ளி: குறை கருவியிலா, கண்ணிலா?

புதிய கருவி ஒன்று பயன்பாட்டுக்கு வந்ததும் அதன்மீது புகார் எழுவது எங்கும் காணப்படும் வழக்கமே. செம்புள்ளிக் குறிநோக்கியைப் பொறுத்தவரை அப்புகார் பெரும்பாலும் ஒரே விதமாக அமைகிறது. புள்ளி வட்டமாக இல்லை, வால் முளைத்திருக்கிறது என்பார் ஒருவர். ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்பார் மற்றொருவர். திராட்சைக் கொத்துப்போல் பிதுங்கி நிற்கிறது என்பார் இன்னொருவர். கருவி திருப்பி அனுப்பப்படுகிறது. மாற்றாக வந்த கருவியிலும் அதே வால் தோன்றுகிறது. அப்போதும் ஐயம் கருவியை விட்டு அகல்வதில்லை. குறை கண்ணில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் கடைசியாகவே வருகிறது. அவ்வெண்ணம் முதலிலேயே வரவேண்டும்.

இக்கருவியின் அமைப்பு எளிது. ஒளி உமிழும் சிறு டையோடு ஒன்றிலிருந்து புறப்படும் சிவப்பொளி, பூச்சிட்ட வளைந்த கண்ணாடி ஒன்றில் பட்டு, இணைகதிர்களாகத் திரும்பிக் கண்ணை அடைகிறது. அக்கண்ணாடி சிவப்பொளியைத் திருப்பிவிட்டு, ஏனைய ஒளியில் பெரும்பகுதியைத் தன்னூடே செல்லவிடுகிறது. ஆதலால் எதிரிலுள்ள காட்சியும் புள்ளியும் ஒருங்கே தெரிகின்றன. கதிர்கள் இணையாக வருவதால் புள்ளி நெடுந்தொலைவில் நிற்பதுபோல் தோன்றுகிறது. இதன் மூலக்கருத்துக்கு டப்ளின் நகரத் தொலைநோக்கி வல்லுநர் ஹவர்டு கிரப் 1900-இல் காப்புரிமை பெற்றார். மின்னணு முறையிலான செம்புள்ளிக் குறிநோக்கியைச் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-இல் வெளிக்கொணர்ந்தது. இன்று படையினரின் துப்பாக்கிகளிலும், துப்பாக்கி சுடும் போட்டிகளின் சில பிரிவுகளிலும், விலங்குகளுக்கு மயக்க ஊசி செலுத்தும் சில துப்பாக்கிகளிலும் இது இடம்பெறுகிறது. சிறிய வானத் தொலைநோக்கிகளில் விண்மீனைத் தேடிப் பிடிக்க உதவும் துணைக்கருவியும் இதே முறையில் இயங்குவதே. எனவே களப்பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகிய இருவருக்கும் இப்பொருள் உரியதாகிறது.

இனிக் கண்ணை நோக்குவோம். விழியின் முன்புறத்து ஒளிபுகு படலம் பந்தின் பரப்பைப்போல் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருப்பின், ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியாகவே குவியும். முட்டையின் பக்கத்தைப்போல் ஒரு திசையில் மிகுதியாகவும் குறுக்குத் திசையில் குறைவாகவும் அது வளைந்திருந்தால், ஒளி ஒரே இடத்தில் குவியாது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளாக, வெவ்வேறு தொலைவுகளில் குவியும். இதுவே அஸ்டிக்மாடிசம் எனப்படும் சிதறல் பார்வை. சிறிதளவேனும் இக்குறை இல்லாத கண் அரிது. தாமஸ் யங் 1801-இல் தம் கண்ணிலேயே இதனைக் கண்டறிந்து விவரித்தார். பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலாளரான ஜார்ஜ் ஏரி, புள்ளி ஒளி தம் இடக்கண்ணுக்குக் கோடாகத் தெரிவதை ஆராய்ந்து, அதனைத் திருத்தும் உருளை வில்லையை 1825-இல் வடிவமைத்தார். கருவிகளோடு வாழ்ந்த அவ்வானியலாளர் தம் கண்ணையும் ஒரு கருவியாகக் கருதிச் சோதித்தார் என்பது கருதத்தக்கது.

குறையின் அளவைக் கணக்கிட்டுக் காண்பதும் எளிதே. ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை. குறிநோக்கியின் புள்ளி 2 கலை அகலமுடையது என்று கொண்டால், 100 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 6 சென்டிமீட்டரை மறைக்கும். கண்மணியின் விட்டம் 4 மில்லிமீட்டராகவும், ஒரு திசைக்கும் அதன் குறுக்குத் திசைக்கும் இடையிலான குவியத் திறன் வேறுபாடு ஒரு டயாப்டராகவும் இருக்கட்டும். ஒரு திசையில் கூர்மையாகக் காணும் அக்கண்ணுக்கு மறுதிசையில் புள்ளி ஏறத்தாழ 14 கலை நீளத்துக்கு இழுபடும். அதே 100 மீட்டரில் அது 40 சென்டிமீட்டர்! கண்மணி 2 மில்லிமீட்டராகச் சுருங்கினால் இழுபடுதலும் பாதியாகும். இருளில் 6 மில்லிமீட்டராக விரிந்தாலோ, முழுநிலவின் விட்டத்தில் மூன்றில் இரு பங்கு அளவுக்கு ஒரு விண்மீன் நீளும்.

எழுத்துப் பலகையை நன்கு படிப்பவருக்கும் புள்ளி சிதறுவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். வெண்பலகையில் கருநிற எழுத்தைப் படிக்கும்போது ஒளி மிகுதி, கண்மணி சுருங்கியிருக்கும். சற்றுக் கலங்கிய எழுத்தை மனம் ஊகித்தும் படித்துவிடும். இருண்ட பின்னணியில் ஒளிரும் புள்ளிக்கு இச்சலுகைகள் இல்லை. எனவே பலகையின் கடைசி வரியைப் படித்தவர் என்பதற்காக ஒருவர் கண்ணில் சிதறலே இல்லை என்று முடிவு கட்டுதல் பிழையாகும்.

குறை எங்குள்ளது என்பதை அறியச் சில எளிய சோதனைகள் உண்டு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குறிநோக்கியைத் தனியே கழற்றி எடுத்து, ஒளியைக் குறைத்து, மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். வால் கருவியோடு சுழன்றால் குறை கருவியில். கருவி சுழன்றும் வால் நின்ற திசையிலேயே நின்றால் குறை கண்ணில். கருவியை அசைக்காமல் தலையைச் சாய்க்கும்போது வாலும் உடன் சாய்ந்தால் அதே முடிவு உறுதிப்படும். அட்டையில் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு அதன் வழியே நோக்கினால், சிதறல் பார்வையுடையோருக்குப் புள்ளி சுருங்கித் தெளியும். தொலைவுக்குக் குவியப்படுத்திய ஒளிப்படக் கருவியில் புள்ளி வட்டமாகப் பதிவதும் ஒரு சான்று. இவை கண் மருத்துவரின் ஆய்வுக்கு ஈடாகமாட்டா. கண்புரையும் கண்வறட்சியும் கூடப் புள்ளியைக் கலைக்கக்கூடும். அழுக்கடைந்த கண்ணாடியும் அவ்வாறே செய்யும்.

விலையுயர்ந்த கருவியை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. குறையற்ற இணைகதிர்களையும் குறையுள்ள கண் சிதறவே செய்யும். சிதறல் பார்வையுடையவரை அப்பணியினின்று விலக்கிவிடலாம் என்பார் கூற்றோ அதனினும் தவறானது. பெரும்பாலோர்க்கு உருளை வில்லை அமைந்த மூக்குக்கண்ணாடியோ, அதற்குரிய ஒட்டுவில்லையோ போதிய தீர்வு தரும். ஒளியைப் பின்னணிக்கு ஏற்பக் குறைப்பதாலும் புள்ளியின் மங்கிய ஓரங்கள் மறைந்து ஓரளவு தெளிவு கிட்டும். வால் முளைத்த புள்ளியின் நடு எது என்று அறியாமல் மயக்க ஊசி செலுத்தப்படுமானால், ஊசி படக்கூடாத இடத்தில் படலாம். துன்பம் வாயில்லா உயிருக்கும் அருகில் நிற்பவருக்கும் நேரும். ஆதலின் இக்கருவியைக் கையாளும் பயிற்சியின் முதற்பாடமாகப் பயிற்சி பெறுவோரின் கண்ணாய்வு அமையவேண்டும்.

பள்ளியில் இதன் பயன் இன்னும் பெரிது. தொலைநோக்கியின் செம்புள்ளி இரண்டாகத் தெரிகிறது என்று ஒரு பிள்ளை கூறினால், வகுப்பு சிரிக்கிறது. கவனமின்மை என்று ஆசிரியரும் கடிந்துகொள்ளக்கூடும். உண்மையில் அப்பிள்ளை தான் கண்டதைக் கண்டவாறே கூறியிருக்கிறது. அறிவியல் கல்வி நாடுவது அந்நேர்மையை அன்றோ? பிறந்தது முதல் அவ்வாறே கண்டுவரும் பிள்ளைக்குத் தன் பார்வையில் குறையுண்டு என்பது தெரியாது. பிறர் பார்வை வேறுபட்டது என்பதும் தெரியாது. மிகுதியான சிதறலை இளமையில் திருத்தாவிடில் கண்ணும் மூளையும் தெளிவாகக் காணப் பழகாமல், சோம்பற்கண் என்னும் நிலை ஏற்படலாம். பின்னர்க் கண்ணாடி அணிந்தும் முழுத் தெளிவு கிட்டாமற் போகும். 1976-இல் தொடங்கப்பெற்ற தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதனையும், இலவச மூக்குக்கண்ணாடி வழங்குதலும் இடம்பெற்றுள்ளன. அவ்வழிக்குப் பிள்ளையை அனுப்பிவைப்பது ஆசிரியரின் கையில் உள்ளது. கரும்பலகையில் கடிகார முகம்போல் ஒரு மையத்தினின்று கோடுகள் வரைந்து, எக்கோடு கருமையாகவும் எது மங்கலாகவும் தெரிகிறது என்று ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே கேட்பதற்குச் செலவேதும் இல்லை.

செம்புள்ளிக் குறிநோக்கி இலக்கைக் காட்டுவதற்கென அமைந்த கருவி. அது தற்செயலாகக் கண்ணின் குறையையும் காட்டித் தருகிறது. அக்குறிப்பைப் புகாராக எழுதி அனுப்புவதற்கு முன், புகார் எழுதுபவர் ஒருமுறை தம் தலையைச் சாய்த்துப் பார்த்தல் நலம்.