கயிற்றின் மறுமுனை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் முத்தையாபுரம் இருக்கிறது. பக்கத்தில் உப்பளங்கள்; அப்பால், பழைய நாளில் முத்துக் குளித்த கடல். பழைய முறையில் நடந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. அக்காலத்தில் காலில் கல்லைச் சேர்த்துக்கொண்டு ஒருவன் மூழ்குவான்; தோணியில் மற்றொருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவனால் பேச முடியாது. கயிற்றின் அசைவே அவன் பேச்சு.

தாய் வயிற்றிலுள்ள சிசுவும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயினிடமிருந்து தொப்புள்கொடி வழியாகவே வரவேண்டும். பிரசவ வலி எடுக்கையில் கருப்பை இறுகி, அந்த வரத்தைச் சற்றுக் குறைக்கிறது. வலி தணிந்ததும் மீண்டும் சீராகிறது. ஆரோக்கியமான சிசு இதைத் தாங்கும். வலிகளுக்கு நடுவே இடைவெளி போதாவிட்டாலோ, கொடி நசுங்கினாலோ அது தத்தளிக்கிறது. அந்தத் தத்தளிப்பை நமக்கு அறிவிப்பது இருதயத் துடிப்பு.

1821-ல் கெர்கராடெக் என்ற பிரெஞ்சு வைத்தியர், சிசு நீரில் அசையும் ஓசையைக் கேட்க விரும்பி, கர்ப்பிணியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அவர் காதில் விழுந்ததோ கடிகாரம் ஓடுவது போன்ற ஒலி! தாயின் நாடியைவிட அது மிக வேகமாக இருந்தது.

நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. ஆனால் ஒரு தடவை எண்ணி, '140, பயமில்லை' என்று சொல்லிவிட்டால் போதாது. வலி தணிந்த பிறகும் துடிப்பு தாழ்ந்தே நின்று, மெதுவாகத் திரும்புகிறதா என்பதே கேள்வி. ஆகையால் வலிக் காலத்தில் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது, வலி தணிந்தவுடனே, ஒரு முழு நிமிஷம் கேட்கவேண்டும். பிள்ளை வெளிவரும் தறுவாயில் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை.

துடிப்பை ஓயாமல் காகிதத்தில் கோடாக வரையும் யந்திரமும் உண்டு. யந்திரம் என்றால் நம்மவர்களுக்கு எப்பொழுதும் ஒரு மயக்கம். டப்ளின் நகரில் சுமார் 13,000 பிரசவங்களை ஆராய்ந்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். யந்திரம் பொருத்திய பிரிவில், பிறந்த குழந்தைகளுக்கு வலிப்புக் காண்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அது அற்ப லாபமன்று. ஆனால் சிசு மரணம் குறையவில்லை. ஆயுதப் பிரசவமோ அதிகரித்தது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் சத்திர சிகிச்சையும் கூடியிருந்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவை உள்ள கர்ப்பிணிக்கு யந்திரம் அவசியமே. மற்றவர்களுக்கு, தவறாமல் வந்து கேட்கும் ஒரு நர்ஸ் போதும் என்பது நம் அபிப்பிராயம்.

வீட்டார் கவனிக்கவேண்டியதும் ஒன்று உண்டு. பேறுகாலம் நெருங்கினால் குழந்தையின் அசைவு குறையும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அது சரியல்ல. அசையும் விதம் மாறலாம், அசைவு குறையலாகாது. குறைந்ததாக மகளோ மருமகளோ சொன்னால், "காலையில் பார்க்கலாம், படுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். முத்தையாபுரத்துக்காரர்களுக்குத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சில மைல் தூரந்தான். துடிப்பைச் சுமார் 20 நிமிஷம் பதிவு செய்து பார்த்து, குறையொன்றுமில்லை என்று திரும்பினால் வண்டிக் கூலிதான் நஷ்டம்.

துடிப்பைக் கேட்கும் சிறு கருவியைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே தைரியமாக இருப்பவர்களும் உண்டு. துடிப்பு இருப்பதனாலேயே சிசு சுகமாயிருக்கிறது என்று ஆகிவிடாது. சில சமயம் அதில் கேட்பது தாயின் நாடியாகவே இருக்கும். கைதேர்ந்த நர்ஸ் வயிற்றில் கருவியை வைக்கும்போதே, மற்றொரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது இதற்காகத்தான்.