முடங்கிய முயலுக்குமா மருத்துவம்? என்று கேட்போருக்கு



பின்னங்கால்கள் செயலிழந்த முயலொன்று வீட்டில் இருக்கிறது. அதன் தொடையில் ஆழமான புண் உண்டாகிவிட்டது. அதற்கு மருத்துவம் பார்ப்பது நம்மீது கடமையா, அல்லது பிள்ளைகளின் அழுகைக்காகச் செய்யும் வீண் வேலையா? அத்தகைய முயலை வளர்க்கும் வீடு எங்களுடையது. கடந்த சாரல் காலத்தில் அதன் புண்ணுக்கு மருந்திட்ட நாட்களில், தென்காசியிலும் குற்றாலத்திலும் உள்ள உறவினர்களிடமும் நண்பர்களிடமும் இக்கேள்விக்கு நான்கு விடைகளைக் கேட்டேன். "அறுத்துவிடுங்கள், ஹலால்தானே" என்றனர் சிலர். "மலையடிவாரத்தில் விட்டுவிடுங்கள், ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்" என்றனர் வேறு சிலர். "பசித்த மனிதர்கள் இருக்க, முயலுக்குச் செலவழிப்பது இஸ்ராஃப்" என்பது மூன்றாவது விடை. "அதன் விதி அவ்வளவுதான், தானாகப் போகட்டும்" என்பது நான்காவது. நான்குமே மார்க்கத்தின் பெயரால் கூறப்பட்டன. ஆகவே மார்க்கத்தின் வெளிச்சத்திலேயே அவற்றைப் பரிசீலிப்போம்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பூனையின் காரணமாகத் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நம் பிள்ளைகள் மதரஸாவில் முதலாண்டிலேயே கேட்கும் செய்தி அது. அப்பெண் பூனையை அடித்துக் கொன்றதாக அதில் இல்லை. அடைத்து வைத்தாள், உணவளிக்கவில்லை, தானே தேடி உண்பதற்குத் திறந்துவிடவும் இல்லை. ஒரு பிராணியை அடைத்து வைத்த கணத்திலேயே அதன் பசிக்கும் தாகத்திற்கும் நோய்க்கும் அடைத்தவர் பொறுப்பேற்றுக்கொள்கிறார் என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். கூண்டு முயல் தன் இரையைத் தேட இயலாது. கால்கள் முடங்கிய முயலால் தன் உடலைத் தூய்மை செய்துகொள்ளவும் இயலாது. அதன் இயலாமை கூடக் கூட நம் பொறுப்பும் கூடுகிறது.

இதை நான் வலிந்து பொருள் கொண்டு கூறவில்லை. ஹிஜ்ரி 660இல் மறைந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் 'கவாஇதுல் அஹ்காம்' என்ற தம் நூலில், மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டுள்ளார்கள். அவற்றுள் முதன்மையானது, அவற்றின் பராமரிப்புக்குச் செலவு செய்வது. மூப்பாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத நிலையை அடைந்துவிட்ட பிராணிக்கும் அச்செலவு உரியது என்று அவர்கள் தனியே குறிப்பிடுகிறார்கள். பயன் இல்லாதபோதும் உரிமை நிலைக்கும் என்பதைச் சுமார் 760 ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் எழுதிவைத்துவிட்டார்கள். இன்று நாம் அதை மேலைநாட்டு நாகரிகம் என்று எள்ளி நகையாடுகிறோம்.

இனி நான்கு விடைகளுக்கு வருவோம்.

அறுப்பது ஹலால் என்பதில் ஐயமில்லை. மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் அனஸ் (ரலி) அவர்கள் பிடித்த முயலை அபூ தல்ஹா (ரலி) அவர்கள் அறுத்து, அதன் தொடைப்பகுதியை அனுப்பிவைக்க, நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இறைச்சிக்கான முயல் இனங்களை வளர்த்து வருகிறது. உண்பதற்காக முயலை அறுப்பவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் சீழ் பிடித்த புண்ணோடும், உடலில் ஏறிய மருந்தோடும் இருக்கும் முயலை அறுக்கச் சொல்பவர் உண்பதற்காகவா சொல்கிறார்? பணிவிடையிலிருந்து தப்புவதற்கு ஒரு வழியைத்தான் அவர் காட்டுகிறார். அதிலும் பெரும்பாலோர் அறுப்பதும் இல்லை. "அறுக்கலாமே" என்று பேசிக்கொண்டே கூண்டைக் கொல்லைப்புறத்திற்குத் தள்ளிவிட்டு, அது சாகும்வரை அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறார்கள். அறுப்பதாயின் கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்குத் துன்பம் குறைய அறுக்கும்படி நமக்குக் கட்டளை உண்டு. அறுக்கவும் மாட்டேன், மருந்திடவும் மாட்டேன் என்று நாட்கணக்கில் வதைய விடுவதற்கு மார்க்கத்தில் எங்கே இடமிருக்கிறது?

மலையடிவாரத்தில் விடுவது இதைவிடக் கொடிது. நம் மலைக்காடுகளில் வாழும் காட்டு முயல் வேறு இனம். கூண்டில் பிறந்து வளரும் வெள்ளை முயல் வேறு இனம். பின்னது ஐரோப்பிய முயலிலிருந்து மனிதன் பழக்கி உருவாக்கியது. அதற்குக் குற்றாலத்துக் காடு தாய்வீடு ஆகாது. நல்ல கால்களுள்ள வளர்ப்பு முயலே அங்கே நாய்க்கும் கீரிக்கும் இரையாகும்போது, முடங்கிய முயலை விடுவது கொலைக்குக் கொடுப்பதேயாகும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. நம் கையிலிருந்த பொறுப்பை வீசியெறிந்துவிட்டு "ரிஸ்க் அல்லாஹ்விடம்" என்று கூறுவது தவக்குல் ஆகாது. நாட்டின் சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பிராணியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்க வேண்டும் என்கிறது. பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாகவும் ஆக்கியுள்ளது.

மூன்றாவது விடை, இஸ்ராஃப் என்பது. இதைச் சொல்வோரில் உண்மையான ஏழைப்பாசம் உடையவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மரியாதையுடன் பதில் கூற வேண்டும். மனைவி மக்களின் செலவு, கடன், ஸகாத், அண்டை வீட்டாரின் பசி ஆகியவை முந்தியவை. அவற்றைப் பறித்து முயலுக்குக் கொடுக்க யாரும் சொல்லவில்லை. ஆனால் வீண்விரயம் என்பது தேவையற்றதில் செலவழிப்பது. உரிமையுள்ளதற்குக் கொடுப்பது எப்படி விரயமாகும்? தாகத்தால் வாடிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் முகந்து கொடுத்த மனிதரின் செய்தியைக் கேட்டபோது, பிராணிகளுக்குச் செய்வதிலும் நற்கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் வினவினார்கள். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்வதில் நற்கூலி உண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் பதில். சாரல் தொடங்கியதும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்திற்கும் குடும்பத்தோடு சென்று குளித்து, திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் வயிறு கொள்ளாமல் உண்டு, மீதியை இலையில் விட்டு எழுகிறோமே, அன்று யாருக்கும் இஸ்ராஃப் நினைவுக்கு வருவதில்லை. உப்பு நீருக்கும் பஞ்சுக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்க்கும்போது மட்டும் வருகிறது.

நான்காவது, விதி. நோயை இறக்கியவன் அதற்கு மருந்தையும் இறக்கியுள்ளான், எனவே மருத்துவம் செய்யுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. முயலின் புண் விதியால் மட்டும் முற்றுவதில்லை, நம் கவனக்குறைவாலும் முற்றுகிறது. அதன் காரணங்களை அறிந்துகொள்வது பயன் தரும். முயலின் எலும்பு இலேசானது. பின்னங்கால் தசையோ வலிமை மிக்கது. காதைப் பிடித்தோ, உடலைத் தாங்காமலோ தூக்கும்போது அது பலமாக உதைத்தால் முதுகெலும்பு முறிந்து பின்னுடல் செயலிழக்கக்கூடும். செயலிழந்த முயல் தரையில் இழுத்துக்கொண்டே நகர்வதால் தோல் உரிகிறது. சிறுநீரிலேயே கிடப்பதால் அந்த இடம் வெந்து புண்ணாகிறது. சாரல் காலத்தில் ரோமம் உலர்வதில்லை. ஈரமும் நாற்றமும் ஈயை அழைக்கின்றன. ஈ இட்ட முட்டைகள் ஒரு நாளைக்குள் பொரித்துப் புழுக்கள் சதையைத் தின்னத் தொடங்கிவிடும். ஆகவே "நாளைக்குப் பார்ப்போம்" என்ற சொல்லே அதற்கு மரண தண்டனையாகிவிடலாம்.

பணிவிடை என்பது என்ன? புண்ணைச் சுற்றியுள்ள ரோமத்தை வெட்டுவது. கொதித்து ஆறிய உப்பு நீரால் கழுவுவது. ஈரம் போக ஒற்றியெடுப்பது. உலர்ந்த பருத்தித் துணியை அடியில் விரித்து, நனைந்த உடனே மாற்றுவது. ஒரே பக்கம் அழுந்தாமல் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. ஈ அண்டாமல் கொசுவலை கட்டுவது. முயல் இயல்பாகவே தன் ஆசனவாயிலிருந்து வரும் ஒருவகை மென்மையான புழுக்கையை மீண்டும் உண்டு சத்துப் பெறும் பிராணி. பின்னுடல் முடங்கியதால் வளைந்து எடுக்க முடியாவிடில் அது ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றாடம் துடைத்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது உணவு. முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டும். அரை நாள் எதையும் உண்ணாமல் இருந்தாலே அது ஆபத்தின் அறிகுறி. புல்லைத் தொடாமல் பல்லை நெறித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினால் அது வலியில் இருக்கிறது என்று பொருள்.

இதில் அறியாமையோடு கலந்த அன்பும் கொல்லும். வீட்டில் மீந்திருக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற மாத்திரைகளை முயலுக்கு வாய்வழியே கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து அது இறந்துவிடக்கூடும். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனை அதன் மெல்லிய தோலில் ஊற்றக்கூடாது. நக்கினால் உள்ளேயும் கேடு செய்யும். எனவே கால்நடை மருத்துவரிடம் காட்டியே மருந்து கொடுக்க வேண்டும். தென்காசியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. திருநெல்வேலிக்கு அருகே இராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வழியில்லை என்று கூற நமக்கு இடமில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் சில புண்கள் ஆறுவதில்லை. இனி வேதனை மட்டுமே மிஞ்சும் என்று மருத்துவர் கூறினால், ஆலிமிடம் கேட்டு, வேதனையை நீட்டாத முடிவை எடுப்பதே இரக்கம். முயன்று பார்த்தபின் எடுக்கும் அம்முடிவும், முயலாமலே "அறுத்துவிடு" என்பதும் ஒன்றல்ல.

இந்த வாதத்தில் ஒரு முயலின் உயிரைவிடப் பெரிதான ஒன்றும் அடங்கியுள்ளது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைரின் சிறு குருவி இறந்தபோது, அந்தக் குழந்தையின் துயரத்தை அற்பமாக எண்ணாமல் நபி (ஸல்) அவர்கள் குருவியைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்தார்கள். நாமோ நம் பிள்ளையின் கண்ணெதிரே, ஓடியாடியபோது கொஞ்சிய உயிரை முடங்கியதும் அப்புறப்படுத்தச் சொல்கிறோம். பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? மனிதனும் முயலும் சமமல்ல. மனிதனின் கண்ணியம் வேறு. ஆயினும் பணிவிடை செய்யும் கை ஒன்றுதான். முடங்கிய உயிரை அருவருக்காமல் புரட்டிப் படுக்கவைத்து, நனைந்த துணியை முகம் சுளிக்காமல் மாற்றக் கற்ற பிள்ளையின் கை, நாளை பக்கவாதத்தில் படுத்துவிட்ட வாப்பாவையும் உம்மாவையும் அப்படியே புரட்டிப் படுக்கவைக்கும். பயன்படாததைத் தள்ளிவிடு என்று கற்ற கையோ கூண்டைத் தள்ளிய அதே கொல்லைப்புறத்தில் நம் கட்டிலையும் போடும்.

ஆகவே பெற்றோரே, பெருநாள் பரிசாக முயல்குட்டி கேட்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்குமுன் ஒன்றை யோசியுங்கள். அது எட்டு, பத்து ஆண்டுகள்கூட வாழும், நோயுறும், முடங்கவும் கூடும். அப்போது பார்க்க மனமில்லையெனில் வாங்காதீர்கள். வாங்காமல் இருப்பதில் பாவமில்லை. உலமாப் பெருமக்களே, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் குர்பானிப் பிராணியின் வயதையும் குறைகளையும் விளக்குவதோடு, நாம் வளர்க்கும் பிராணிகளின் உரிமைகளையும் ஒரு ஜும்ஆ மேடையில் எடுத்துரையுங்கள். தன் உரிமையாளர் தன்னைப் பட்டினி போட்டு வருத்துவதாக முறையிட்ட ஒட்டகத்தின் துயரைக் கேட்டு, அவரை அழைத்து, இப்பிராணியின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு எச்சரித்த நபியின் உம்மத் நாம். முயலுக்கு முறையிடும் வாய்கூட இல்லை. அதன் படைத்தவனோ அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரின் உரிமையையும் நிறைவேற்றும் நல்லோராக வல்ல நாயன் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.