கழுவாய்ச் சீட்டு வணிகம்

ஒருவன் தன் வீட்டுக் கழிவைத் தெருவில் கொட்டுகிறான். ஊரார் தட்டிக் கேட்கின்றனர். "அடுத்த ஊரில் ஓர் ஏழை கொட்டவிருந்த குப்பையைக் கொட்டாதிருக்கும்படி அவனுக்குக் கூலி கொடுத்துவிட்டேன், ஆகவே என் கழிவு கழிந்துவிட்டது" என்று அவன் விடை கூறுகிறான். எந்த ஊர்ப் பொதுமன்றமும் இவ்விடையைக் கேட்டு நகைக்கும். ஆனால், 1997-ஆம் ஆண்டு சப்பானின் கியோட்டோ நகரிற் கூடிய உலக நாடுகளின் மன்றம் நகைக்கவில்லை. அவ்விடையையே உடன்படிக்கையின் 12-ஆம் கூறாக எழுதிக்கொண்டது.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தூய்மை வளர்ச்சி முறைமை'. நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் இருநூறு ஆண்டுக்காலம் எரித்து வளங்கொழித்த நாடுகள், குறைப்பதாக ஒப்புக்கொண்ட புகையின் ஒரு பகுதியைத் தம் மண்ணிற் குறைக்க வேண்டுவதில்லை. வளராத நாடொன்றில் யாரேனும் குறைத்தால், அக்குறைப்பைச் சீட்டாக விலைக்கு வாங்கித் தம் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஒரு டன் கரிவளிக்கு ஒரு சீட்டு. இத்தகைய சந்தை வழியே வேண்டும் என்று மிகுதியும் வற்புறுத்திய அமெரிக்காவோ, 2001-இல் உடன்படிக்கையையே உதறிவிட்டுப் போயிற்று. அது தனிக்கதை.

ஆங்கிலத்தார் 'கார்பன் கிரெடிட்' என்று வழங்கும் இச்சீட்டைத் தமிழில் சிலர் 'கார்பன் கடன்' என்று பெயர்த்தெழுதினர். அவ்வாங்கிலச் சொல்லுக்குக் கடன் என்ற பொருளும் உண்டு. வரவு என்ற பொருளும் உண்டு. இங்கே பொருந்துவது வரவே. ஆதலின் அது பெயர்ப்புப் பிழைதான். ஆயினும், வாங்குவோன் ஏட்டில் வரவாக ஏறுவது விற்போன் மக்கள் தலையில் எவ்வாறு இறங்குகிறது என்பதைப் பார்த்த பின், அப்பிழையைத் திருத்தக் கை வருவதில்லை.

இவ்வணிகத்தின் உள்ளியல்பை அறிய ஒரு வளியின் வரலாறே போதும். குளிர்பெட்டிகளுக்கும் குளிர்பதனக் கருவிகளுக்கும் உரிய எச்.சி.எப்.சி.-22 என்னும் வளியைச் செய்யும் ஆலைகளில், வேண்டாத கழிவாக எச்.எப்.சி.-23 என்னும் மற்றொரு வளி பிறக்கிறது. இஃது ஒரு டன் காற்றிற் கலந்தால் 11,700 டன் கரிவளி கலந்ததற்கு ஒப்பாகும் என்பது அன்றைய கணக்கு. எனவே அவ்வளியை ஒரு டன் எரித்தழிக்கும் ஆலைக்கு 11,700 சீட்டு! சீட்டொன்று 10 யூரோவுக்கு விலைபோனாலும் 1,17,000 யூரோ வரவு. எரிக்கும் செலவோ, சீட்டொன்றுக்கு ஒரு யூரோவினும் குறைவு. ஓர் எரியுலையை நிறுவினால் முடிந்தது வேலை.

சீனத்தில் 11, இந்தியாவில் 5, தென்கொரியா, மெக்சிகோ, அர்செந்தீனா ஆகியவற்றில் ஒவ்வொன்று என 19 திட்டங்கள் இவ்வாறு பதிவாயின. இந்தியாவின் ஐந்தில் ஒன்று குசராத்தின் இரஞ்சித்நகரில் உள்ளது. ஒன்று தமிழகத்தின் மேட்டூரில் உள்ளது. 2010-ஆம் ஆண்டு வாக்கில், உலகெங்கும் அதுவரை வழங்கப்பட்ட சீட்டுகளில் ஏறத்தாழப் பாதி இப்பத்தொன்பது ஆலைகளுக்கே போயிருந்தது. ஏழை நாடுகளின் குடிசைகளுக்கு விளக்கேற்ற வந்த முறைமை என்று முழங்கியவர்கள் இதற்கு என்ன சொல்வர்?

அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் மைக்கேல் வாரா என்பவர் 2007-இல் 'நேச்சர்' இதழில் இக்கணக்கை உடைத்துக் காட்டினார். இவ்வாலைகள் அனைத்துக்கும் எரியுலைச் செலவை நேரே கொடுத்திருந்தால் ஏறத்தாழ 10 கோடி யூரோ ஆகும். சீட்டு வழியாகக் கொடுத்தால் 400 கோடி யூரோவையும் தாண்டும். சரக்கை விற்று வரும் பணத்தைக் காட்டிலும் கழிவை எரித்து வரும் பணம் ஏறத்தாழ இருமடங்காக முடியும் என்றும் அவர் எழுதினார். கழிவு சரக்காயிற்று, சரக்குக் கழிவாயிற்று. அத்தொகையில் 65 விழுக்காட்டைச் சீன அரசு வரியாக எடுத்துக்கொண்டது என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும். விற்கத் துணிந்தோருள் அவ்வரசேனும் தன் பங்கைக் கேட்டு வாங்கத் தெரிந்திருந்தது.

கழிவுக்குச் சரக்கினும் மிகுந்த விலை கிடைக்குமாயின், எந்த வணிகன் கழிவைக் குறைப்பான்? உருசியாவில் இதனையொத்த வேறொரு முறைமையின்கீழ் இயங்கிய ஆலைகளை ஆராய்ந்த இலாம்பர்ட்டு சினைடர், கோல்முசு ஆகிய இருவர், சீட்டுக் கிடைக்கும் வாய்ப்பு வந்தவுடன் அவ்வாலைகளில் கழிவு வளியின் அளவு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உயர்ந்ததை 2015-இல் வெளியிட்டனர். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். தொட்டில் ஆட்டுவதற்குக் கூலியும் கிடைத்தால் பிள்ளை என்று உறங்கும்? இழிவு வெளிப்பட்டபின் ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் இவ்வளிச் சீட்டுகளைத் தன் சந்தையில் ஏற்க மறுத்தது. ஆனால் அதற்குள் பணம் கைமாறிவிட்டது. 2008-இல் ஏறத்தாழ 20 யூரோ விற்ற சீட்டு, 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்து கிடந்தது.

இனி, இக்கதையின் முடிவைக் கேளுங்கள். 2016-இல் உருவாண்டாவின் கிகாலி நகரில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, இந்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: எச்.சி.எப்.சி.-22 செய்யும் ஐந்து நிறுவனங்களும் தத்தம் சொந்தச் செலவிலேயே அக்கழிவு வளியை எரித்தழிக்க வேண்டும். ஒரே ஓர் ஆணை! சீட்டு இல்லை, சந்தை இல்லை, தரகர் இல்லை, பன்னாட்டுக் கணக்கர் இல்லை. 2016-இல் இட முடிந்த ஆணையை 2005-இல் ஏன் இடவில்லை? இட்டிருந்தால் சீட்டு விற்க முடியாது என்பது தவிர வேறு கரணியம் யார்க்கேனும் தோன்றுகிறதா? சட்டம் கட்டளையிடும் செயலுக்குச் சீட்டுக் கிடைக்காது. ஆகவே சட்டம் வாராதிருப்பதே வணிகத்துக்கு நல்லது. அரசையே சோம்பி இருக்கச் செய்து, சோம்பலுக்கு விலை கொடுக்கும் இதுவே இம்முறைமையின் பெருந்தீங்கு.

ஆணையும் மருந்தாகிவிடாது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 2020-இல் வெளியான ஆய்வொன்று வளிமண்டலத்தையே அளந்து பார்த்தது. சீனமும் இந்தியாவும் பெரும்பாலும் ஒழித்துவிட்டதாக அறிவித்த பிறகும், 2018-இல் உலகின் எச்.எப்.சி.-23 வெளிப்பாடு 15,900 டன்னாக, அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. தாளில் எழுதியதைக் காற்றுப் படிப்பதில்லை. சீட்டாயினும் ஆணையாயினும் அளந்து பார்க்கும் கண் வேண்டும்.

"வளியை விடுங்கள், காற்றாலைகள் வந்தனவே" என்பார் உளர். வந்தன. ஆனால் சீட்டினாலா வந்தன? ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில், கியோட்டோ உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வருமுன்பே காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுழற்றியவை, தென்மேற்குப் பருவக்காற்றும் நடுவணரசு கொடுத்த தேய்மான வரிக்கழிவுமே. இந்தியக் காற்றாலைத் திட்டங்களை ஆராய்ந்த ஐரோப்பிய, அமெரிக்கப் பொருளியலார் நால்வர், அவற்றுக்கு வழங்கிய சீட்டுகளில் 52 விழுக்காட்டுக்குக் குறையாதவை, சீட்டு இல்லாவிடினும் எழும்பியிருக்கக்கூடிய ஆலைகளுக்கே போயின என்று 2021-இல் கணித்தனர். ஐரோப்பிய ஆணையத்துக்காகச் செருமானிய ஆய்வு நிறுவனம் ஒன்று 2016-இல் செய்த மதிப்பீடு இன்னும் கடுமையானது: ஆராய்ந்த திட்டங்களில் 85 விழுக்காடு, சொன்ன குறைப்பை உண்மையில் புதிதாகச் செய்திருக்கும் வாய்ப்புக் குறைந்தவை. எல்லாம் பொய் என்று கூறுதல் முறையன்று. குப்பைமேட்டு வளியைப் பிடித்து எரித்த திட்டங்களைப் போல் நல்லனவும் சில இருந்தன. ஆனால், நடக்கவிருந்த ஒன்றையே விற்ற சீட்டை வாங்கியவன் தன் நாட்டில் அதற்கு ஈடாக உண்மையான புகையை விட்டான் என்பதை மறக்கலாகாது. சீட்டுப் பொய், புகை மெய்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. ஒரு திட்டம் எந்த ஊரில் அமைகிறதோ அவ்வூராரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆனால் திட்ட வரைவு ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்படவேண்டும் என்பதும் விதி! செருமானியத்தின் பான் நகரில் உள்ள செயலகத்தின் இணையத்தில் அவ்வரைவு 30 நாள் வைக்கப்படும். குறை இருப்பின் உலகில் எவரும் எழுதலாம். எவரும் என்றால் யார்? மேட்டூர் ஆலையின் மதிலை ஒட்டிக் குடியிருப்பவரா? முப்பந்தலில் காற்றாலைக்கு நிலம் விற்ற வேளாளரா? தம் மண்ணைப் பற்றியும் தம் காற்றைப் பற்றியும் எழுதிய ஏட்டைத் தம் மொழியிற் படிக்க இயலாதவர்க்கு, 30 நாள் கொடுத்தாலென்ன, 30 ஆண்டு கொடுத்தாலென்ன? கூட்டம் நடந்தது, ஊரார் எதிர்ப்புக் கூறவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினால் ஏடு நிறைந்துவிடும். படிக்க முடியாதவன் வாய் திறக்காமையை ஒப்புதல் என்று எழுதும் வழக்கம், வெள்ளையன் காலத்து நிலவரி ஏடுகளோடு ஒழிந்ததன்று.

இவை பழங்கதை என்று தள்ளுவதற்கும் இல்லை. 2015-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின் 6-ஆம் கூறு, அதே கடையைப் புதுப் பலகை மாட்டித் திறந்துள்ளது. 2021-இல் கிளாசுகோவில் விதிகள் வகுத்தனர். 2024-இல் பாகுவில் எஞ்சியவற்றை முடித்தனர். பழைய விதியினும் ஒன்று நன்று என்றே சொல்லவேண்டும்: ஒரு நாடு சீட்டை விற்றால், அக்குறைப்பைத் தன் கணக்கிலும் சேர்த்து இரட்டைக் கணக்கு எழுத முடியாது, விற்றதைத் தன் ஏட்டிலிருந்து கழித்தாக வேண்டும். பொய்க்கணக்குக் குறையும். ஆனால் இதனால் விற்பவன் நிலை என்னாகிறது?

தாய்லாந்தைப் பாருங்கள். பாங்காக்கு நகரில் எண்ணெய்ப் பேருந்துகளுக்கு மாற்றாக மின்பேருந்துகள் ஓடின. அவற்றாற் குறைந்ததாகக் கணித்த 1,916 டன்னுக்குரிய சீட்டுகள் சுவிட்சர்லாந்துக்கு மாற்றப்பட்ட செய்தி 2024 தொடக்கத்தில் வந்தது. இக்கூற்றின்கீழ் நடந்த முதல் விற்பனை இதுவே. வாங்கியது, அந்நாட்டு வண்டி எண்ணெய் இறக்குமதியாளர்கள் நிறுவிய அமைப்பு. பாங்காக்கின் தெருவிற் குறைந்த புகை தாய்லாந்தின் கணக்கில் ஏறாது. சுவிட்சர்லாந்தின் வண்டிகள் விட்ட புகைக்குக் கழுவாயாகும். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை. எளிதிற் குறைப்பனவற்றை எல்லாம் இன்று மலிவாக விற்றுவிட்டு, நாளை தன் சொந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற அந்நாடு எதனைக் குறைக்கும்? எஞ்சியிருப்பன அருஞ்செலவுடையனவே. முன்னே சொன்ன 'கடன்' என்னும் பிழைப்பெயர் இவ்விடத்திலேதான் உண்மையாகிறது.

இந்திய அரசு இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2023-இல் அது வெளியிட்ட பட்டியலில், வெளிநாட்டுக்குச் சீட்டு விற்கத்தக்கனவாக 13 வகைச் செயல்களையே குறித்தது. பெரும்பாலும் கடற்காற்றாலை, பசுமை நீரகம் போன்ற அருஞ்செலவினவே. எளியவற்றை விலைப்படுத்தாமல் வைத்துக்கொண்டது அறிவுடைமை. 2025-இல் சப்பானோடு இதற்கென உடன்பாடும் செய்துகொண்டது.

ஆனால் அக்கடற்காற்றாலைகள் எந்தக் கடலில் நிற்கும்? இந்தியாவில் அவற்றுக்கெனக் குறிக்கப்பட்டவை குசராத்தின் கடலும் தமிழகத்தின் தென்கடலுமே. மன்னார் வளைகுடாவில் வலைவீசிப் பிழைப்பவர்க்கு, எவ்விடத்தில் தூண் நடுவர், எவ்வழியில் மின்வடம் போகும், எத்துணைக் காலம் கடல் அடைக்கப்படும், விற்ற சீட்டின் பணம் எவர் கைக்குப் போகும் என்பன சோற்றுக் கேள்விகள். அவற்றுக்கு விடை எழுதிய வரைவு ஆங்கிலத்தில் மட்டும் இருக்குமானால், மேட்டூரிலும் முப்பந்தலிலும் நடந்ததே தூத்துக்குடியிலும் நடக்கும். கடலோர ஊர்தோறும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, படிப்பிக்கப்பட்டு, ஊர்மன்றத்தில் தமிழிலேயே ஒப்புதல் எழுதப்பெறாத எந்தத் திட்டத்துக்கும் தமிழக அரசு தன் இசைவைத் தரலாகாது. தில்லிக்கு முதலில் எழுதவேண்டிய மடல் இதுவே. டோக்கியோவுக்கு வேண்டுமானால் அதனைச் சப்பானியத்தில் பெயர்த்தனுப்பட்டும்.