பாட்டி யாரோடு பேசுகிறார்?



"ஐயா, எங்க பாட்டி தனியா உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கு. செத்துப்போன தாத்தா வாசல்ல நிக்கிறாருன்னு சொல்லுது. பூசாரியைக் கூப்பிடலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள் என்பேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முப்பது நாற்பது வருஷம் விடியாத இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரையில் தனியாகப் பால் வெட்டியவர் அவர். மரத்தோடு பேசியும், பாடியும், வீட்டுக் கணக்கைப் போட்டும் பொழுதை ஓட்டிப் பழகிய மனசு அது. இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்டார்கள். லயத்தில் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. பாட்டி என்னதான் செய்வார்? மனசில் இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார். இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை.

பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ரீஸ் என்றொரு டாக்டர், துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971-இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப்பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்தவர்கள். சிலர் கண்ணாலும் கண்டார்கள், குரலும் கேட்டார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆனால் வெளியே சொன்னவர்கள் கொஞ்சப்பேர்தான். வெள்ளைக்காரப் பாட்டிக்கு ஆறுதல், நம் பாட்டிக்கு மட்டும் வேப்பிலை அடியா?

ஆனால் ஒன்று. நேற்றுவரை தெளிவாக இருந்தவர், திடீரென்று ஓரிரு நாளில் மகளையே யாரென்று கேட்டால், பகலை இரவென்றால், இல்லாத பூச்சியை விரட்டினால், அது வேறு சங்கதி. சிறுநீரில் கிருமி, காய்ச்சல், உடம்பில் தண்ணீர் குறைவு, இனிப்புநீர் மருந்தால் சர்க்கரை இறங்குவது, புது மாத்திரை, இப்படி ஏதாவது காரணம் இருக்கும். 'வயசாச்சு' என்று விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சோறு தண்ணீர் வேண்டாம், தூக்கம் இல்லை, "அவரு கூப்பிடுறாரு, நானும் போறேன்" என்றாலும் சும்மா இருக்கக்கூடாது. புல்லுமருந்தைப் பூட்டி வையுங்கள். தனியே விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, வேலை முடிந்து வரும் வழியில் வாசலில் நின்று, "என்னா பாட்டி, இன்னிக்குத் தாத்தா என்னா சொன்னாரு?" என்று கேளுங்கள். காது மந்தம் என்றால் முகத்துக்கு நேரே நின்று கேட்க வேண்டும். காப்பி கிடைக்கும். சீனி தூக்கலாக இருக்கும், இனிப்புநீர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.